நாலு ஸ்லைடு

வண்டி வாங்கிப் பதினோராம் நாள்
ஜவுளிக்கடைக் கண்ணாடியில்
என் காரைப் பக்கவாட்டில் பார்த்தேன்.
வலது கதவுக்கும் ஃபெண்டருக்கும் நடுவே
மேலே நூல் நுழையும் சந்து,
கீழே சுண்டுவிரல்.

வீரவநல்லூர்க்காரர்
"ஒரே கை ஓட்டுன வண்டி, ஒரு கீறல் கெடயாது" என்று
பானெட்டில் அடித்துச் சொல்லியிருந்தார்.
மோதிரக் கை.
முதல் கீறல் அப்போதுதான் விழுந்தது.

வண்ணார்பேட்டைப் பட்டறையில்
"கதவு அடையுதுல்லா மேடம்,
மழத்தண்ணி உள்ள வருதா? இல்ல.
பொறவு எதுக்குத் துட்டு?" என்றார்கள்.
நியாயம்தான்.
ஆனால் எனக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை.
கண்ணாடியில் இழுத்த ரத்தத்துளி
ஒரே சீராய்ப் பரவாவிட்டால்
மறுபடி இழுக்கிறவள்.

ஞாயிறு விடியுமுன் ஆரம்பித்தேன்.
பாளையங்கோட்டை வெயில் ஏறினால்
தகரம் வேறு அளவு சொல்லும்.
ஜாக்கியின் தலைக்குப் பழைய பெட்ஷீட் முண்டாசு.
விளிம்புகளுக்குப் பேப்பர் டேப்.
கீலைச் சுற்றிப் பென்சில் கோடு,
தோற்றால் திரும்பி வர.
அளவுக்கு, லேபில் முனை உடைந்த ஸ்லைடுகள்:
நாலை அடுக்கி டேப் சுற்றினேன்.
இடது பக்கச் சந்தில்
உரசாமல் ஆடாமல் இறங்கியது கட்டு.
வலது பக்கம்
மேலே நுழையவே இல்லை,
கீழே நழுவிச் செருப்பின் மேல் விழுந்தது.

ஞானசிகாமணி எழுந்து வந்து
எதுவும் கேட்காமல் டார்ச்சைப் பிடித்தார்.
முதல் மணிக்கே கோயிலுக்குப் போகிறவர்.

பத்தாம் நம்பர் ஸ்பேனருக்கு
பானெட் ஓரத்துப் போல்ட் மூன்றும் பணிந்தன.
கதவைத் திறந்தால் மட்டும் தெரிகிற ஒன்று,
கீலுக்கு மேலே,
தேங்காய் எண்ணெய்க்கும் அசையவில்லை
வசவுக்கும் அசையவில்லை.
விட்டுவிடலாம் என்று எடுத்த கையில்
கிரிக்கென்றது.

உள்ளே ஆறு வாஷர்.
கம்பெனி வைத்ததல்ல.
எவனோ ஒன்றன்மேல் ஒன்றாய்க் கோத்து
ஒப்பேற்றி இருக்கிறான்.
அதற்கும் உள்ளே, விரல் எட்டாத மூலையில்
உள்ளங்கை அளவுக்கு
காய்ந்த வண்டல்.
நெல் உமி, கொஞ்சம் பாசி,
ஒரு நத்தைக்கூடு.

கன்னடியன் கால்வாயை எனக்குத் தெரியும்.

போன் போட்டேன்.
"அண்ணாச்சி, ஃபெண்டருக்குப் பொறத்தால
மொதல்ல எத்தன வாஷர் இருந்துது?"
அவ்வளவுதான் கேட்டேன்.
அந்தப் பக்கம் ஒரு கோழி கூவி முடித்தது.
பிறகு அவர்,
"ஆருக்கும் ஒண்ணும் ஆவல தாயி" என்றார்.

டார்ச் வெளிச்சம் மெல்லத் தரைக்கு இறங்கியது.

வண்டலைக் கரண்டியால் சுரண்டி
கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டேன், நத்தைக்கூட்டோடு.
மேலே மூன்று வாஷர், கீழே இரண்டு.
இறுக்கினால் ஃபெண்டர்
பானெட்டை விட ஏறி நின்றது.
பானெட்டை ஏற்றினால்
ஹெட்லைட் பக்கம் வாய் பிளந்தது.
ஒன்றைச் சமாதானப்படுத்துமுன்
இன்னொன்று முகத்தைத் தூக்கிக்கொள்கிறது.
ரெண்டாம் மணி அடித்தது.
அவர் போகவில்லை.

ஒன்பதரைக்கு ஸ்லைடுக் கட்டு
மேலிருந்து நுழைந்து
நடுவில் ஓரிடத்தில் லேசாய்ப் பிடித்து
இறங்கிவிட்டது.
பிடித்த இடத்தை அப்படியே விட்டேன்.

மாடி வீட்டுச் சுடலையாண்டி எட்டிப் பார்த்து
"முடிஞ்சுதா? ஒரு வித்தியாசமும் தெரியலியே" என்றார்.
கதவை அடைத்துக் காட்டினேன்.
முன்பு டபக் என்றிருந்தது,
இப்போது டப்.
அவருக்கு அதுவும் தெரியவில்லை.

ஒரு வாஷர் மிச்சம்.
கியருக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கிடக்கிறது.
சமாதானபுரம் போகையில்
வேகத்தடைக்கு வேகத்தடை
ஒருமுறை எழுந்து உட்காருகிறது.
நானும்
பிரேக்கை இன்னும் கொஞ்சம் அமுக்குகிறேன்.